பழைய மெர்சிடீஸ் டபிள்யூ 123 கார் வாங்கப் போகிறீர்களா? பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்

தரையில் படுக்க வேண்டியிருக்கும், அதனால்தான். நான் முதன்முறை வெள்ளைச் சட்டையோடு போனேன். அழுக்காகிவிடுமே என்று வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடிபோல மின்னிய அந்த 240 டி (இந்த வரிசையின் ஒரு டீசல் மாடல்) வண்டியின் கம்பளத்தை மறு மார்ச்சில் விலக்கியபோது, மிதிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் சாலை தெரிந்தது. வர்ணம் மட்டும்தான் புதிது. அன்றிலிருந்து வர்ணத்தைக் கடைசியாகவே பார்க்கிறேன்.

முதலில் எண்களைப் பாருங்கள். மெர்சிடீஸ் இந்த வரிசையை 1976 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. செடான் 1985 வரை தயாரானது. எஸ்டேட் (பின்பக்கம் நீண்ட, சாமான் ஏற்றும் வகை), கூபே (இரண்டு கதவு வகை) எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள். இத்தனை லட்சம் இருந்ததால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சுலபமாகப் பொருந்தும். ஒரு வண்டியின் முகம் இன்னொரு வண்டியில் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். சேசிஸ் எண்ணில் (வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்) 123-ஐ அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் உண்மையைச் சொல்லும். 1-இல் தொடங்கினால் டீசல்: 120 என்றால் 200 டி, 123 என்றால் 240 டி, 130 என்றால் ஐந்து சிலிண்டர் 300 டி. 0 அல்லது 2 என்றால் பெட்ரோல். (200 டி-க்குத் தொடக்கத்தில் 55 குதிரைத்திறன்தான். மலையேற்றத்தில் பின்னால் வருகிறவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள்.)

வர்ணக் குறியீட்டையும் தேடிப் பிடியுங்கள். 623 என்று இருந்து வண்டி கருநீலமாக நின்றால் கொஞ்சம் யோசியுங்கள். 623 என்பது வெளிர் தந்த நிறம், ஜெர்மன் டாக்சிகளின் நிறம். டாக்சியாக ஓடிய வண்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. தவறாமல் எண்ணெய் மாற்றப்பட்ட வண்டிகள் அவை. ஆனால் ‘ஒரே ஒரு முதியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டினார்’ என்ற கதை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து முகம். தொடக்கத்தில் சாதாரண மாடல்களுக்கு ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வட்ட விளக்குகள் இருந்தன. செடான்களில் அகலமான செவ்வக விளக்கு 280, 280 இ மாடல்களுக்கு மட்டுமே. 1982 செப்டம்பரில் எல்லாவற்றுக்கும் செவ்வகம் வந்தது, பவர் ஸ்டியரிங்கும் அதோடு சேர்ந்தது. எனவே 1979-ஆம் ஆண்டு 240 டி ஒன்று செவ்வக விளக்கோடு நின்றால், முன்பக்கம் எங்காவது மோதியதா என்று நேரடியாகவே கேளுங்கள். டர்போ டீசல் செடான் என்று ஜெர்மனியில் விளம்பரம் கண்டால் அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த வண்டி. ஐரோப்பாவில் அந்த எஞ்சின் எஸ்டேட்டுக்குத்தான் கிடைத்தது. நீண்டு துருத்தும் பம்பரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது படுங்கள். கையில் டார்ச்சும், மெல்லிய துணியில் சுற்றிய காந்தமும் இருக்கட்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்த புட்டிப் பசைதான் இருக்கிறது. ஜாக் வைக்கும் துளைகளின் ரப்பர் மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். துரு செதில் செதிலாக வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பின்கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் துரு பிடித்தால் மழைநீர் அந்தக் குழியில்தான் வந்து தங்கும். முன் மட்கார்டு, பேட்டரித் தட்டு, கதவுகளின் அடிவிளிம்பு எதையும் விடாதீர்கள். சன்ரூஃப் இருந்தால் அதன் ஓரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அது சக்கரங்களுக்கு அருகே வெளியேறுகிறதா என்று காத்திருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

டீசல் எஞ்சின் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘உங்களுக்காகச் சூடாக்கி வைத்தேன்’ என்றால் நான் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவேன். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் மூடியைத் திருப்பி, பூட்டாமல் வையுங்கள். இலேசாக நடுங்கலாம், எகிறி விழக் கூடாது. பிறகு சாவியைத் திருப்பி அணையுங்கள். இந்த எஞ்சின் நிற்பதும் கதவுகள் மொத்தமாகப் பூட்டிக்கொள்வதும் காற்றை உறிஞ்சி இயங்கும் வெற்றிடக் குழாய்களின் வேலை. சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தால் எங்கோ காற்று கசிகிறது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில ரப்பர் இணைப்புகளில் முடிந்துவிடும். இதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ஜெர்மனியில் 30 வயது தாண்டி அசல் நிலை கெடாத வண்டிக்கு நிபுணர் அறிக்கையின் பேரில் ‘ஹா’ (H) எழுத்துள்ள எண்பலகை கிடைக்கும். ஆண்டு வரி 191.73 யூரோ. வயதான டீசல்களுக்கு இது பெரிய சலுகை. ஆனால் அந்தப் பலகையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அறிக்கை எழுதிய நாளுக்குப் பிறகும் மழை பெய்திருக்கும்.

கிளம்பும்முன் ஒன்று கேளுங்கள்: வால்வு இடைவெளியைக் கடைசியாக எப்போது சரிசெய்தீர்கள்? இந்த டீசல்களில் அதைக் கையால்தான் செய்ய வேண்டும். என்னிடம் இப்போதுள்ள 1983 வண்டியை விற்றவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய், எண்ணெய்க் கறை படிந்த பழைய சர்வீஸ் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நான் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை.