அடுக்கிய படம் கறுப்பாகச் சேமிக்கப்படுகிறதா?

போன ஜனவரியில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து ஓரியன் நெபுலாவை, அதாவது வானில் ஒளிரும் அந்த வாயு மேகத்தை, பல படங்களாக எடுத்தேன். அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கி முடித்ததும் திரையில் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது. ஜேபெக்காகச் சேமித்துத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அண்ணா, லென்ஸ் மூடியைக் கழட்டேல்லையோ?" என்று பதில் வந்தது. திறந்து பார்த்தால் முழுக் கறுப்பு. இரண்டு இரவு மண்டையைப் பிய்த்த விஷயம் அது.

முதலில் படம் எடுப்பது. கமராவை ட்ரைபொட்டில் வைத்து, 50 மிமீ லென்ஸில் 3 விநாடிப் படங்களாக 200 எடுங்கள், ரோ (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும்) வடிவத்தில். கொழும்பில் ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கே வரும். அந்தப் பகுதி நட்சத்திரங்கள் வேகமாக நகர்வதால் 3 விநாடிக்கு மேல் போனால் கோடாகிவிடும். நிலா வெளிச்சம் கெடுத்துவிடும் என்பதால் போயாவுக்கு (பௌர்ணமிக்கு) முன்பின் ஒரு கிழமையை மறந்துவிடுங்கள். 100 படம் அடுக்கினால் இரைச்சல் (படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள்) பத்தில் ஒன்றாகும், 200 என்றால் இன்னும் கொஞ்சம் குறையும்.

அப்புறம் மூடியைப் போட்டு அதே 3 விநாடியில் 30 டார்க் படம், சென்சரின் சூட்டால் வரும் புள்ளிகளைக் கழிக்க. இதை மாடியிலேயே எடுங்கள். ஏசி அறைக்குள் வந்து எடுத்தால் சென்சரின் சூடு மாறிவிடும். ஃப்ளாட்டுக்கு (லென்ஸின் ஓர இருட்டையும் தூசியையும் சரிசெய்யும் படம்) மகனின் பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட்டை லென்ஸில் இழுத்துக் கட்டி, மடிக்கணினியின் வெள்ளைத் திரையைப் படமெடுத்தேன். பயஸ் (சென்சரின் அடிப்படை அளவைக் காட்டும் படம்), மூடி போட்டு ஆகக் குறைந்த நேரத்தில்.

மென்பொருள் சிரில். இலவசம். டீப்ஸ்கைஸ்டாக்கரும் இலவசம்தான், ஆனால் அடுக்குவதற்கும் மெருகூட்டுவதற்கும் ஒரே இடம் வேண்டும் எனக்கு. லைட்ஸ், டார்க்ஸ், ஃப்ளாட்ஸ், பயசஸ் என்று நான்கு ஃபோல்டர் போட்டு, வீட்டுப் படம் உள்ள பொத்தானில் அவற்றின் தாய் ஃபோல்டரைக் காட்டி, ஓஎஸ்சி (கலர் கமரா) ப்ரீப்ராசசிங் ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள், அடுக்கும் வேலை முழுவதையும் அதுவே செய்யும். தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

இனித்தான் நான் சறுக்கிய இடம். அடுக்கிய படம் இருக்கும், ரிசல்ட் என்று தொடங்கும் ஃபிட் கோப்பைத் திறந்தால் கறுப்பாகத் தெரியும். கீழே உள்ள பட்டியலில் ஆட்டோஸ்ட்ரெட்ச் (மங்கலானதைத் தானாகப் பிரகாசமாக்கிக் காட்டுவது) தெரிவு செய்தால் நெபுலா வந்து நிற்கும். ஆனால் அது கண்ணுக்குக் காட்டும் வேஷம் மட்டும்தான், கோப்பில் உள்ள எண்கள் ஒன்றும் மாறவில்லை. அப்படியே சேமித்தால் கறுப்புத்தான் போய்ச் சேரும்.

ஆகவே ஓரங்களை வெட்டி, பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்ஷனால் (பின்னணி வெளிச்சத்தைக் கழிக்கும் கருவி) எங்கள் பக்கத்து காலி வீதியின் (கோல் ரோட்) விளக்குகள் பூசிய செம்மஞ்சளைக் கழித்து, நிறத்தையும் சரிசெய்துவிட்டு, காட்சியை மறுபடி லீனியருக்கு (எண்களை உள்ளபடி காட்டும் தெரிவு) மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடுத்த படியில் எல்லாம் வெள்ளையாக வெளுத்துப்போகும். பிறகு, கோப்பின் எண்களையே மாற்ற, ஹிஸ்டோகிராமைத் (வெளிச்ச அளவுகளின் வரைபடம்) திறந்து நடு முக்கோணத்தை இடப்பக்கம் மெல்ல இழுங்கள். அப்ளை. மறுபடி கொஞ்சம். ஒரே இழுவையில் முடிக்கப் பார்த்தால் நட்சத்திரங்கள் ஊதிப்போகும்.

சேமிக்கும்போது பழைய ஃபிட் கோப்பின் மேலேயே எழுதிவிடாதீர்கள், வேறு பெயர் கொடுங்கள். அந்தப் பழைய கோப்பு உங்கள் நெகட்டிவ் மாதிரி. கிம்ப் என்ற படத் திருத்தியில் மேலும் மெருகூட்ட 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கடைசியில், வாட்ஸ்அப்புக்கு மட்டும்.

பிற்சேர்க்கை: ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவர் ஃபோல்டர் பெயரில் கடைசி 'ஸ்' எழுத்தை விட்டிருந்தார். மற்றவருக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது. 18 மெகாபிக்சல் படம் ஒன்று, நிறம் பிரித்து 32 பிட்டில் எழுதும்போது 200 எம்பியைத் தாண்டும். அதையே சீரமைத்து இன்னொரு தடவை எழுதும். 200 படத்துக்கு 80 ஜிபிக்கு மேல் காலியிடம் வேண்டும். வேலை முடிந்ததும் இந்த இடைக்காலக் கோப்புகள் இருக்கும் ப்ராசஸ் ஃபோல்டரைத் தயங்காமல் அழித்துவிடலாம்.