ஃபுட்டூரோ: பறக்கும் தட்டு வீட்டைத் தாளில் கட்டுவது எப்படி?

1968-இல் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் மத்தி சூரோனென் ஒரு வீட்டை வடிவமைத்தார். பனிச்சறுக்குக்குப் போகும் நண்பர் ஒருவர் மலைச்சரிவில் தங்க ஒரு குடில் கேட்டிருந்தார். சீக்கிரம் சூடேற வேண்டும், மேடுபள்ளமான இடத்திலும் நிற்க வேண்டும். சூரோனென் கொடுத்தது நான்கு கால் மேல் நிற்கும் ஒரு பறக்கும் தட்டு. மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது, ஊரெல்லாம் விண்வெளிப் பேச்சு. ஃபுட்டூரோ என்று பெயர் வைத்தார்கள்.

ஃபைபர் கிளாஸ் ஓடு, 8 மீட்டர் விட்டம், சுமார் 4 மீட்டர் உயரம், விமானத்தில் இருப்பதுபோல் கீழ்நோக்கித் திறந்து படியாகும் கதவு. உள்ளே சுவரை ஒட்டிச் சாய்வு இருக்கைகள், நடுவில் கணப்பு. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை எகிறியதும் கதை முடிந்தது. கட்டியவை நூறுகூட இல்லை. அவற்றில் ஒரு மஞ்சள் வீடு பின்லாந்தின் எஸ்போ நகரில், வீஜீ கண்காட்சி மையத்தில் நிற்கிறது.

தாள் மாதிரி செய்யத் தொடங்குபவர்கள் பெட்டி மாதிரி வீட்டைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பார்கள். நான் ஃபுட்டூரோவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாள் ஒரு பக்கமாகத்தான் வளையும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளைக்கப் பார்த்தால் கசங்கும். அதனால் உருண்டையான எதையும் தாளில் செய்ய, அதை இதழ் இதழாகப் பிரித்தாக வேண்டும். நிஜ ஃபுட்டூரோவும் அப்படித்தான் வந்தது: மேலே 8 துண்டு, கீழே 8 துண்டு, லாரியில் ஏற்றிப்போய் இடத்தில் வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். நம் மாதிரியில் இணைப்புக் கோடு தெரிந்தால் அது குறை இல்லை, நிஜ வீட்டிலும் அது தெரியும்.

தேவையானவை

160 முதல் 200 ஜிஎஸ்எம் வரை கனமுள்ள ஏ4 தாள் இரண்டு (மஞ்சள் அல்லது வெள்ளை), சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றிரண்டு, அட்டைப்பெட்டித் துண்டு, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட், பெவிகால், கட்டர், ஸ்டீல் ஸ்கேல், காம்பஸ், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, ரப்பர் பேண்ட். பெயின்ட் வேண்டாம். தண்ணீர் பட்டால் தாள் நெளியும்; வண்ணத் தாளே நல்லது.

படி 1: இதழ் அச்சு

அளவு 1:50. அதாவது 8 மீட்டர் வீடு 16 செ.மீ. ஆகும். நிஜத்தில் 8 துண்டு என்றாலும் நாம் மேல் பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தலா 16 இதழ் வெட்டுகிறோம். எட்டு மட்டும் வெட்டினால் மேலிருந்து பார்க்கும்போது வட்டம் எண்கோணமாகத் தெரியும். இரண்டு இதழ் சேர்ந்தது ஒரு நிஜத் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் 97 மி.மீ. நீளத்துக்கு ஒரு நடுக்கோடு போடுங்கள். அடியிலிருந்து ஒவ்வொரு செ.மீ. உயரத்திலும் இதழின் முழு அகலத்தை, நடுக்கோட்டுக்கு இருபுறமும் பாதிப் பாதியாகக் குறியுங்கள்:

அடியில் (இடுப்புக் கோடு, அதாவது மேல் பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடம்) 31.4 மி.மீ.
1 செ.மீ. உயரத்தில் 30.5
2-இல் 28
3-இல் 25
4-இல் 22
5-இல் 18
6-இல் 14
7-இல் 10.5
8-இல் 6.5
9-இல் 3
97 மி.மீ.-இல் முனை

புள்ளிகளைக் கையால் வளைவாக இணைத்து வெட்டினால் அச்சு தயார். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர்களுக்கு: 16 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் உள்ள நீள்வட்டத்தின் விளிம்பை ஒவ்வொரு செ.மீ.-ஆக நடந்து, அந்தந்த இடத்துச் சுற்றளவை 16-ஆல் வகுத்தது. வேறு எதுவும் இல்லை.

படி 2: இரண்டு தாளில் ஒரு வீடு

ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வைத்து, மேல் ஓரத்திலிருந்து 10.5 செ.மீ. இறங்கி இடுப்புக் கோடு போடுங்கள். அதன் மேல் 8 இதழ்களை வரிசையாக, அடி அடியோடு ஒட்டி நிற்கும்படி வரையுங்கள். எட்டும் சேர்ந்து 251 மி.மீ. வரும். அச்சைத் தலைகீழாகத் திருப்பி, அதே கோட்டுக்குக் கீழேயும் எட்டு. கீழ் இதழ்களை 8 செ.மீ. குறியோடு நிறுத்திவிடுங்கள், முனை வேண்டாம். வலது ஓரத்தில் 1 செ.மீ. ஒட்டுப்பட்டை விடுங்கள். இரண்டாவது தாளிலும் இதையே செய்யுங்கள்.

கணினியில் வரைந்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தால், தாளுக்கேற்ப அளவைச் சுருக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் அங்கேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 251 இருக்க வேண்டும்.

படி 3: தட்டையாக இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

ஜன்னல், கதவு எல்லாம் இப்போதே. வளைத்த பிறகு கட்டர் வைத்தால் தாள் நசுங்கும்.

ஒவ்வொரு மேல் இதழிலும், இடுப்புக்கு ஒன்றரை செ.மீ. மேலே, படுக்கைவாட்டில் ஒரு முட்டை வடிவ ஜன்னல்: அகலம் 18 மி.மீ., உயரம் 10 மி.மீ. கட்டரை நிலையாகப் பிடித்துக்கொண்டு தாளைச் சுழற்றுங்கள், வளைவு சீராக வரும்.

கதவு ஒரே ஒரு கீழ் இதழில். இடுப்புக்கு 1 செ.மீ. கீழே தொடங்கி 5 செ.மீ. வரை, அகலம் 15 மி.மீ. மேல்பக்கத்தையும் இரு ஓரங்களையும் வெட்டி, அடிப்பக்கத்தை மட்டும் வெட்டாமல் பேனாவால் கீறி விடுங்கள். இந்த இடம் சும்மா தேர்ந்தெடுத்தது இல்லை. காலில் நிறுத்தியதும் கதவின் கீல் தரையிலிருந்து கிட்டத்தட்ட 2.8 செ.மீ. உயரத்தில் இருக்கும், 4 செ.மீ. கதவைச் சாய்த்து இறக்கினால் 45 பாகையில் முனை சரியாகத் தரையைத் தொடும். அதன் உட்பக்கத்தில், மடித்து மடித்து விசிறி போலச் செய்த தாள் துண்டை ஒட்டினால் படிக்கட்டு.

அப்புறம் இதழ்களுக்கு இடையில் வெட்டுங்கள். இடுப்புக் கோட்டுக்கு மேலும் கீழும் 3 மி.மீ. வெட்டாமல் விட வேண்டும். அந்த இடம்தான் எல்லா இதழ்களையும் பிடித்திருக்கிறது. கடைசியாக, ஒன்றுவிட்டு ஒரு இணைப்பில் பென்சிலால் ஓரத்தை லேசாகக் கருமையாக்குங்கள். அவை நிஜத் துண்டுகளின் எல்லை.

படி 4: வளைப்பது

வீடு அழகாக வருவதும் சொதப்புவதும் இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

இந்த நீள்வட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வளையாது. இடுப்பில் வளைவின் ஆரம் வெறும் 2 செ.மீ., உச்சியில் 16 செ.மீ. இடுப்பில் இறுக்கமாகத் திரும்பிவிட்டு மேலே கிட்டத்தட்டத் தட்டையாகப் போகிறது. எனவே பென்சிலை இடுப்புக் கோட்டுக்கு இணையாக உட்பக்கம் வைத்து, முதல் 3 செ.மீ.-ஐ நன்றாகச் சுருட்டுங்கள். அதற்கு மேல் மேசை விளிம்பில் ஒருமுறை இழுத்தால் போதும். முழு இதழையும் ஒரே மாதிரி சுருட்டினால் தட்டு வராது, பந்துதான் வரும்.

தாள் முரண்டு பிடித்தால் நார் ஓட்டத்தைப் பாருங்கள். ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில்தான் நார் ஓடும், நமக்கு வேண்டியதும் அதுவே. பெரிய சார்ட்டிலிருந்து வெட்டிய தாளானால், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறது என்று கையால் பார்த்துவிட்டு வரையுங்கள்.

வளைத்ததும் ஜன்னல்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் துண்டுகளை ஒட்டிவிடுங்கள்.

படி 5: இடுப்பு வளையம்

அட்டைப்பெட்டியில் ஒரு வட்டத் தட்டு வெட்டுங்கள். விட்டம் 16 செ.மீ. இல்லை, 15.7. இதழ்கள் சேர்ந்து உண்டாக்குவது பதினாறு பக்கக் கோணம், அதற்குள் அடங்கும் வட்டம் கொஞ்சம் சிறியது. தாளின் கனமும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும். தட்டின் நடுவில் 4 செ.மீ. ஓட்டை போட்டால் பின்னால் விரல் விடவும், சின்ன எல்இடி வைக்கவும் வசதி.

இரண்டு தாள்களையும் ஒட்டுப்பட்டையால் நீளமாக இணைத்து, தட்டின் விளிம்பில் பெவிகால் தடவி, இடுப்புக் கோடு விளிம்பில் உட்காரும்படி சுற்றுங்கள். மேலே ரப்பர் பேண்ட் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

படி 6: மூடுவது

வெள்ளைத் தாளில் 6 மி.மீ. அகல, 2 செ.மீ. நீளத் துண்டுகள் நிறைய வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இதழின் வலது ஓரத்தின் உட்பக்கமும், பாதி வெளியே நீட்டும்படி இவற்றை ஒட்டுங்கள். நீளமாக ஒரே துண்டாக ஒட்டினால் வளைவில் சுருக்கம் விழும்.

மேல் பாதியை முதலில் மூடுங்கள். வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். 2 செ.மீ. வட்டத் தாள் ஒன்றை உச்சியின் உள்ளே வைத்து, எதிரெதிர் இதழ்களை அதில் ஒட்டுங்கள்: 1-உம் 9-உம், பிறகு 5-உம் 13-உம், இப்படியே. முனைகள் நின்றதும் இடைவெளிகளை மூடுங்கள். கீழ்ப்பாதியில் முனை இல்லாததால் 3.4 செ.மீ. திறப்பு இருக்கும், அது வழியாக விரலால் உள்ளிருந்து அழுத்தலாம்.

படி 7: கால்

நிஜ வீடு ஒரு எஃகு வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது, வளையத்துக்கு நான்கு கால். 5 மி.மீ. அகலத் தாள் பட்டையை 7 செ.மீ. விட்டமுள்ள டப்பாவில் பெவிகால் தடவி ஏழெட்டுச் சுற்று சுற்றி, காய்ந்ததும் கழற்றுங்கள். மரம் மாதிரி கெட்டியாக இருக்கும். ஊதுபத்திக் குச்சியில் தாளைச் சுருட்டி 2.5 செ.மீ. நீளத்தில் நான்கு குழாய் செய்து, சற்று வெளிப்பக்கம் சாய்த்து ஒட்டுங்கள். வீட்டை வளையத்தில் வைத்து, நேராக இருக்கிறதா என்று கண்மட்டத்தில் பார்த்த பிறகு ஒட்டுங்கள். பக்கத்தில் 3.4 செ.மீ. உயரத் தாள் மனிதன் ஒருவனை நிறுத்தினால் அளவு பார்ப்பவருக்குப் புரியும்.

சரிவான அடித்தளம் வேண்டும் என்றால் கால்களை மட்டும் வெவ்வேறு நீளத்தில் வெட்டினால் போதும். நிஜ வீட்டையும் 20 பாகைச் சரிவு வரை நிறுத்தலாம் என்றுதான் வடிவமைத்தார்கள். உள்ளே இருக்கையும் கணப்பும் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு 1:50 சின்னது. எல்லா அளவையும் இரட்டிப்பாக்கி 1:25-இல் செய்யுங்கள். அப்போது பாதி வீட்டுக்கு ஒரு முழு சார்ட் தாள் பிடிக்கும், உச்சியை ஒட்டாமல் மூடிபோல் கழற்றி வைக்கலாம்.