ஊர்க் கோயில் திருமேனிக்குச் சாட்சிப் படம் எடுப்பது எப்படி?

சிலை கடத்தலைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிலையைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. இந்தத் தண்டனை போதவே போதாது, கூட்டத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு கூட்டினாலும், ‘இது எங்க ஊர்ச் சாமிதான்’ என்று மெய்ப்பிக்க ஆதாரம் இல்லையென்றால் வழக்கு நிற்காது. திருவிழாப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரன் நான். அந்த ஆதாரத்தைத் தயாரிக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து களவு போன அவரை, 2008-ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 1972-க்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகப் போலி ஆவணம் காட்டியிருந்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-ல் அதே கோயிலில் எடுத்த படம் அந்தப் பொய்யை உடைத்தது. 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். ஆகவே படத்தில் தேதி முக்கியம். அன்றைய தினசரி ஒன்றைப் பீடத்தருகே வைத்து ஒரு படமாவது எடுங்கள்.

முதலில் தர்மகர்த்தாவிடமும் குருக்களிடமும் பேசி அனுமதி வாங்குங்கள். அலங்காரத்தோடு எடுத்த படம் வழக்குக்கு உதவாது. பட்டும் மாலையும்தான் தெரியும். அபிஷேகம் முடிந்து, துடைத்து, வஸ்திரம் சாத்துவதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களே நமக்கான நேரம். ஃபிளாஷ் போடாதீர்கள், உலோகம் பளிச்சென்று வெளுத்துவிடும். பக்கவாட்டில் ஒரு விளக்கு, எதிரே அந்த வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க ஒருவர் போதும்.

முன், பின், இரு பக்கம், பீடம், திருவாசி (சிலையைச் சூழ்ந்த வளைவு) எல்லாம் தனித்தனியாக வேண்டும். முகத்தைவிட முதுகும் பீடமும் நல்ல சாட்சி. முகத்தைப் பார்த்து அதேபோல் வார்த்துவிடலாம். ஒடிந்த விரல், தேய்ந்த மூக்கு, வார்ப்பில் விழுந்த குழி, பீடத்துளையின் இடம், எழுத்துப் பொறிப்பு இவை ஒரு சிலையில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது. ஒவ்வொன்றையும் அருகில் போய் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். உயரம், அகலம், முடிந்தால் எடை, ஊரார் வழங்கும் சாமி பெயர் எல்லாவற்றையும் எழுதி, தர்மகர்த்தாவிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஊர் வீடுகளில் பழைய திருவிழாப் படங்கள் இருக்கும். அவற்றையும் ஆண்டு விசாரித்து ஸ்கேன் செய்து சேருங்கள்.

ஒரு பிரதி கோயிலில், ஒன்று அறநிலையத் துறை அலுவலகத்தில், ஒன்று வெளியூரில் நம்பிக்கையானவரிடம். வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ தயவுசெய்து போடாதீர்கள். திருடனுக்கு அதுவே விலைப்பட்டியல்.

சிலை காணோம் என்றால் அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். ‘ஐம்பொன் சிலை ஒன்று’ என்று மட்டும் எழுதினால் எந்த நாட்டு நீதிமன்றத்திலும் நம் சிலையை அடையாளம் காட்ட முடியாது. அளவும் பழுதும் புகாரிலேயே வரட்டும். படங்களைப் புகாரோடு இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் ஸ்டேஷனைவிட்டு வராதீர்கள்.