காய்களை இடம் மாற்றும் புதிர்: குறைந்த நகர்வுகளைக் கண்டறிய ஒரு வழி

கோத்தகிரியில் மழை விடாமல் பெய்யும் நாட்களில், வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் தருவது இந்தப் புதிரைத்தான். ஏழு கட்டங்களை வரிசையாக வரைந்து, இடப்பக்கம் மூன்று புளியங்கொட்டைகளையும் வலப்பக்கம் மூன்று அவரை விதைகளையும் வைத்து, நடுக்கட்டத்தைக் காலியாக விட வேண்டும். இடப்பக்க விதைகள் வலப்பக்கத்துக்கும் வலப்பக்க விதைகள் இடப்பக்கத்துக்கும் இடம் மாறுவதே இலக்கு. விதை முன்னோக்கி ஒரு கட்டம் நகரலாம், அல்லது எதிர்த்தரப்பு விதை ஒன்றைத் தாண்டிக் காலிக் கட்டத்தில் இறங்கலாம், பின்வாங்கக் கூடாது.

மூன்று இணைகளை எடுத்த எடுப்பில் முயல்வதைவிட, ஒன்றிலிருந்து தொடங்கி அட்டவணை போடுவதே சிறந்தது. பக்கத்திற்கு ஒன்று எனில் 3 நகர்வுகள், இரண்டு எனில் 8, மூன்று எனில் 15, நான்கு எனில் 24 என்று வரும். இவை 4, 9, 16, 25 ஆகிய வர்க்க எண்களைவிட ஒன்று குறைவு என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்க விடுங்கள்.

காரணம் இன்னும் அழகானது. ஒவ்வொரு புளியங்கொட்டையும் ஒவ்வொரு அவரை விதையையும் ஒருமுறை கடந்தாக வேண்டும் என்பதால் தாவல்கள் 3 × 3 = 9; ஒவ்வொரு விதையும் நான்கு கட்டங்கள் செல்வதால் மொத்தத் தொலைவு 24, அதில் தாவல்கள் 18 கட்டங்களைக் கடந்துவிட, மீதி 6 சாதாரண நகர்வுகள்.

இடையில் சிக்கிக்கொண்டால், ஒரே வகை விதைகள் இரண்டு அடுத்தடுத்து அமர்ந்து எதிர்த்தரப்பை மறித்துள்ளனவா என்று பாருங்கள். சரியான ஆட்டத்தில் இரு தரப்பும் மாறி மாறி 1, 2, 3, 3, 3, 2, 1 என நகரும்.