ஊரிலிருந்து லண்டனுக்கு வரும் பரிசுப் பார்சல்: கஸ்டம்ஸ் பணம் எப்போது, எவ்வளவு, எப்படிக் கட்டுவது?

பார்சல் வரவேண்டிய நாளில் ஒரு சாம்பல் நிற அட்டை மட்டும் கதவுக்குள் விழுந்து கிடந்தால், ஊரிலிருந்து வந்த பரிசுக்கு நீங்கள் பணம் கட்டியாக வேண்டும் என்று அர்த்தம். பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் பலரும் அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் கஸ்டம்ஸைப் பற்றியே யோசிக்கிறார்கள். அதற்குள் காரியம் முடிந்துபோயிருக்கும், ஏனென்றால் நீங்கள் எவ்வளவு கட்டப்போகிறீர்கள் என்பது மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ தபால் ஆபீஸ் கவுண்டரில் அம்மா நிரப்பிக் கொடுத்த ஒரு சின்னத் தாளிலேயே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

1. அனுப்புவதற்கு முன்னால் ஒரு போன்

வெளிநாட்டுக்குப் போகும் பார்சல் எதுவானாலும் அதில் சிஎன் 22 அல்லது சிஎன் 23 என்ற கஸ்டம்ஸ் படிவம் ஒட்டியிருக்கும். சின்னப் பொட்டலத்துக்கு முதலாவது, பெரியதற்கு இரண்டாவது. அதில் பரிசு என்பதற்கான கட்டத்தைக் குறிக்க வேண்டும். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக, எத்தனை, என்ன மதிப்பு என்று பிரித்து எழுத வேண்டும். 'துணிகள், சாப்பாட்டுச் சாமான்' என்று மொத்தமாக எழுதுவதுதான் வழக்கமாக நடக்கிறது, பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. 'பருத்திச் சேலை 1, குழந்தைச் சட்டை 2, புத்தகம் 3, சாம்பார் பொடி 500 கிராம்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை போடச் சொல்லுங்கள். வீட்டில் அரைத்த பொடிதானே, விலை எதற்கு என்று பூஜ்யம் போட வேண்டாம். கடையில் வாங்கினால் என்ன ஆகுமோ அந்த விலையைப் போட்டால் போதும்.

பார்சல் ஏஜென்சிகளில் சிலர் 'மதிப்பைக் குறைச்சுப் போட்டுக்கலாம் சார்' என்பார்கள். கேட்காதீர்கள். பொய்யான விவரம் என்று தெரிந்தால் பார்சலையே பறிமுதல் செய்ய முடியும், அப்போது இழப்பு உங்களுக்குத்தான், ஏஜென்சிக்கு இல்லை.

இன்னொன்று: பால், இறைச்சி சேர்ந்த பொருட்களை இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து இங்கே தபாலில் அனுப்பக் கூடாது. நெய் டப்பா போச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் ஆபத்துதான்.

2. இது பரிசுதானா?

பெட்டியின் மேல் பரிசு என்று எழுதிவிட்டால் மட்டும் பரிசாகிவிடாது. ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு, பிறந்தநாள், பண்டிகை மாதிரி ஏதாவது ஒரு காரணத்துக்காக, சொந்த உபயோகத்துக்கு அனுப்புவதாக இருக்க வேண்டும். உங்கள் அக்கா சென்னையில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆர்டர் போட்டு, கடைக்காரரே நேராக உங்கள் லண்டன் விலாசத்துக்கு அனுப்பினால் அது இந்தக் கணக்கில் வராது. அக்கா தன் வீட்டுக்கு வரவழைத்து, பிறகு தன் பெயரில் அனுப்ப வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் பரிசுக்கான வரிச் சலுகை அதில்தான் இருக்கிறது.

3. எவ்வளவு?

நினைவில் வைக்க வேண்டிய முக்கியமான எண் 39. பரிசின் மதிப்பு 39 பவுண்டு வரை என்றால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது. மதுவும் புகையிலையும் வேறு கதை, அவற்றுக்குத் தனித் தீர்வை உண்டு, தபாலில் வரவழைக்காமல் இருப்பதே நல்லது.

39 தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, முழு மதிப்புக்கும் வரி. பொருளின் மதிப்பை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 39 பவுண்டுச் சேலைக்கு நீங்கள் கட்டுவது ஒன்றுமில்லை. அதே சேலை 40 பவுண்டு என்றால் 20 சதவீத வாட் 8 பவுண்டு, அதோடு இங்குள்ள தபால் நிறுவனமான ராயல் மெயில் வாங்கும் கையாளும் கட்டணம் 8 பவுண்டு, ஆக 16. ஒரே ஒரு பவுண்டு கூடியதற்கு! அதிலும் மதிப்பை ரூபாயில் எழுதினால் இங்குள்ள வரித்துறையான ஹெச்எம்ஆர்சி மாதாமாதம் வெளியிடும் மாற்று விகிதத்தில்தான் கணக்கு போகும், கூகுளில் நீங்கள் பார்த்த விகிதத்தில் இல்லை. அதனால் எல்லையில் போய் நிற்காமல் 35க்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

135 பவுண்டு வரை சுங்க வரி இல்லை, வாட் மட்டும்தான். 135க்கு மேல் 630 வரையிலான பரிசுகளுக்கு 2.5 சதவீதம் சுங்க வரி, சில பொருட்களுக்கு அதைவிடக் குறைவு. அந்த வரியையும் கூட்டி அதன் மேல் வாட் போடுவார்கள். 200 பவுண்டுப் பட்டுப்புடவை என்றால் சுங்கம் 5, பிறகு 205க்கு வாட் 41, மொத்தம் 46, அதற்கு மேல் கையாளும் கட்டணம். 630க்கு மேல் போனால் பொருளுக்குப் பொருள் விகிதம் மாறும்.

பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம்: இந்த நாட்டில் எந்தப் பொருளுக்கு வாட் பூஜ்யமோ, அது வெளியிலிருந்து வந்தாலும் பூஜ்யம்தான். புத்தகம், குழந்தைகள் உடுப்பு, சாப்பாட்டுப் பொருட்களில் பெரும்பாலானவை அந்த வகை (மிட்டாய் வகைகள் போன்ற சிலவற்றுக்கு 20 சதவீதம்). ஒரு பெட்டி நிறையத் தமிழ் நாவல்கள் வந்தாலும் வாட் விழக்கூடாது. படிவத்தில் பிரித்து எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், 'கிஃப்ட் ஐட்டம்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே புத்தகம் எத்தனை என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒரே பெட்டியிலும் ஆளுக்கு 39 சலுகை உண்டு. ஒவ்வொருவர் பரிசையும் தனித்தனியாகச் சுற்றி, அவரவர் பெயர் எழுதி, படிவத்திலும் தனித்தனியாகக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒரே பொருளை நாலாகப் பிரித்துக் காட்ட முடியாது, பாவம் அந்த வெட் கிரைண்டர்.

4. அட்டை வந்துவிட்டது, இனி?

சாதாரணத் தபாலில் வந்த சின்னப் பொட்டலங்கள் ஹீத்ரோ பக்கம் லாங்லியில் உள்ள ராயல் மெயில் மையம் வழியாகவும், ஸ்பீட் போஸ்ட் பார்சல்கள் கவெண்ட்ரியில் உள்ள பார்சல்ஃபோர்ஸ் (ராயல் மெயிலின் பார்சல் பிரிவு) மையம் வழியாகவும் வரும். வரியை முடிவு செய்வது எல்லையில் சரக்கைச் சோதிக்கும் அரசு அமைப்பான பார்டர் ஃபோர்ஸ். ராயல் மெயில் அதை உங்கள் சார்பில் கட்டிவிட்டு, தன் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிக்கிறது. பார்சல்ஃபோர்ஸ் என்றால் அந்தக் கட்டணம் இன்னும் கூட, 12 பவுண்டாவது வரும். டிஹெச்எல், ஃபெட்எக்ஸ் போன்ற கூரியர்களுக்குத் தனித்தனிக் கட்டணம்.

கட்டுவது சுலபம். அட்டையில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு, ராயல் மெயில் இணையதளத்தை நீங்களே டைப் செய்து திறந்து, எண்ணைப் போட்டு, கார்டில் பணம் கட்டி, திரும்பக் கொண்டுவர வேண்டிய தேதியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அட்டையையும் அடையாளச் சான்றையும் எடுத்துக்கொண்டு டெலிவரி ஆபீஸுக்கே போகலாம். ஏறக்குறைய 3 வாரம் வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு பார்சல் ஊருக்கே திரும்பிவிடும்.

'நீங்களே டைப் செய்து' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ராயல் மெயில் பெயரில் வரும் மோசடி எஸ்எம்எஸ் இங்கே ஏராளம். கஸ்டம்ஸ் பணம் நிஜமாகவே பாக்கி இருந்தால் அந்தச் சாம்பல் அட்டையும் வரும். அட்டை இல்லாமல் லிங்க் மட்டும் வந்தால் தொடாதீர்கள், மோசடி எஸ்எம்எஸ் புகாருக்கான 7726 எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

5. அதிகமாக வாங்கிவிட்டார்கள் என்றால்

20 பவுண்டுப் பரிசுக்கு வாட் போட்டிருக்கிறார்கள், அல்லது புத்தகப் பெட்டிக்கு வரி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பணத்தைக் கட்டிப் பார்சலை வாங்கிவிடுங்கள், வாங்க மறுத்தால் அது திரும்பிப் போய்விடும். உறையையும் அதில் ஒட்டியிருக்கும் கட்டண லேபிளையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், ஊரில் வாங்கிய ரசீது இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ கேளுங்கள். ராயல் மெயில், பார்சல்ஃபோர்ஸ் வழியாக வந்தவற்றுக்கு பிஓஆர் 286, கூரியரில் வந்தவற்றுக்கு சி 285 என்ற படிவம் அரசு இணையதளத்தில் கிடைக்கும். அதை நிரப்பி இந்த ஆதாரங்களோடு அனுப்பினால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் வரிப்பணம் திரும்பி வரும். கையாளும் கட்டணம் ஹெச்எம்ஆர்சிக்குப் போன பணம் இல்லை என்பதால் இந்தப் படிவத்தில் அதைக் கேட்டுப் பயனில்லை.