அழைப்பு விஷயத்தில் நாம் தடுக்கி விழும் இடங்கள்

புத்தாண்டு இராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு சுற்றி வரும்; அட்டைக்கு ஒரு வேத வசனம், அந்த வருஷத்துக்கான வாக்காக. ஒரு வருஷம் எனக்குக் கிடைத்தது பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம். பிடிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். அதில் ஆசீர்வாதம், பெருக்கம் எல்லாம் இருந்தது. பீரோ கதவில் ஒட்டியும் வைத்தேன். தேவனுடைய அழைப்பு விஷயத்தில் நாம் செய்கிற முக்கால்வாசித் தவறு அந்தத் தட்டிலேயே இருக்கிறது. முடிவை நாமே எடுத்துவிட்டு, அவர் சொன்னதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறோம்.

அடையாளம் கேட்பதும் பல நேரம் இதே வேலைதான். "கிதியோனே தோல் போட்டுப் பார்த்தானே" என்பார்கள். நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். மீதியானியரிடமிருந்து இஸ்ரவேலை மீட்கப் போகச் சொல்லும் கட்டளை 14-ஆம் வசனத்திலேயே வந்துவிட்டது. தோல் வருவது 37-ஆம் வசனத்தில்: களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, ஒரு இராத்திரி தோல் மட்டும் பனியில் நனையட்டும், மறு இராத்திரி தோல் மட்டும் காய்ந்திருக்கட்டும் என்று அடையாளம் கேட்டான். சித்தம் தெரியாமல் அவன் கேட்கவில்லை; தெரிந்த பிறகும் தைரியம் வராமல் கேட்டான். கர்த்தர் கோபித்துக்கொள்ளாமல் இரண்டு இராத்திரியும் அவன் கேட்டபடியே செய்தது அவருடைய இரக்கம். அதை வைத்துக்கொண்டு, "உமக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமைக்குள் போன் வரட்டும்" என்று நாம் அவருக்குத் தவணை போடுகிறோம். போன் வராவிட்டால் விடுவோமா என்ன? திங்கள்கிழமை வரை நீட்டிப்போம்.

"கதவு தானாகத் திறந்தது, மனசிலும் சமாதானம்" என்ற சாட்சியையும் அடிக்கடி கேட்கிறோம். தீர்க்கதரிசி யோனா யோப்பா துறைமுகத்துக்குப் போனபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் நின்றுகொண்டிருந்தது. கூலி கொடுக்கக் கையில் காசு இருந்தது. கீழ்த்தட்டில் போய்ப் படுத்ததும் நல்ல தூக்கமும் வந்தது. இத்தனையையும் அவன் மேடையேறிச் சொல்லியிருந்தால் நாம் அல்லேலூயா போட்டிருப்போம். ஆனால் அவனுக்குச் சொல்லப்பட்ட ஊர் நினிவே. கப்பல் போனது எதிர்த் திசையில்.

மற்றவர் வாயிலிருந்து வரும் "கர்த்தர் சொன்னார்" இன்னும் ஆபத்தானது. 1 இராஜாக்கள் 13-இல் ஒரு தேவமனுஷனுக்கு நேரடிக் கட்டளை இருந்தது: போகிற ஊரான பெத்தேலில் அப்பம் சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே, வந்த வழியே திரும்பாதே. பெத்தேலில் இருந்த கிழவனான தீர்க்கதரிசி ஒருவன், தூதன் சொன்னதாகப் பொய் சொல்லி விருந்துக்கு அழைத்தான். இவன் போய்ச் சாப்பிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. சாப்பாட்டு அழைப்புக்கே இந்தக் கதி என்றால், "உன்னைத்தான் எனக்கு வாழ்க்கைத் துணையாகக் காட்டினார்" என்று வந்து நிற்பவரிடம் எத்தனை ஜாக்கிரதை வேண்டும்!

அப்புறம், அழைப்பு என்றாலே முழுநேர ஊழியம் என்ற எண்ணம். கன்வென்ஷன் கூட்டத்தில் ஊழியத்துக்கு வருகிறேன் என்று கை தூக்கிய மறுவாரமே ராஜினாமா கடிதம் எழுதுகிற தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். பவுலே கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டுதான் பிரசங்கித்தார். வேலையை விடச் சொல்லும் அழைப்பும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவசரம் வேறு, கீழ்ப்படிதல் வேறு.

ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும், தான் மிஷனரியாகப் போவதில்லை என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. அப்பா டாக்டர்தான்; ஆனால் ஆண் மருத்துவர் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அது தனக்கான அழைப்பு என்று ஐடா உணர்ந்தார். உணர்ந்த மறுநாளே மருந்துப் பையோடு தெருவில் இறங்கிவிடவில்லை. அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடக்கம், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி., அப்படி வந்ததுதான். பரீட்சைக்கு உட்கார்ந்து படித்த அந்த வருஷங்களை யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், அவருடைய கீழ்ப்படிதலில் பாதி அங்கேதான் நடந்தது.

சவுல் ராஜாவின் தவறு வேறு ரகம். அமலேக்கியரை எதையும் மிச்சம் வைக்காமல் அழிக்க வேண்டும் என்பது அவனுக்கு வந்த கட்டளை. அவன் மறுக்கவில்லை, முக்கால் பங்கு செய்தான். அவர்களுடைய ராஜாவையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிட்டு, ஆடுமாடுகள் கர்த்தருக்குப் பலியிடத்தான் என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆடுகளின் சத்தம் தீர்க்கதரிசி சாமுவேலின் காதில் விழுந்தது. நமக்கும் அப்படித்தான். வாரம் மூன்று வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துவோம். பாகப்பிரிவினையில் முறிந்த தம்பியிடம் போய்ப் பேசு என்ற ஒன்றை மட்டும் தள்ளிப்போடுவோம். அந்த ஆடு கத்திக்கொண்டே இருக்கும்.

அந்தச் சாமுவேலின் சிறுவயதுக் கதையை ஞாயிறு பள்ளியில் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் கேட்டது, தன்னை வளர்த்த ஆசாரியனான ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் தண்டனை. சிறுவன் விடியும்வரை படுத்திருந்தான். பிறகு எழுந்து, ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். ஏலியிடம் சொல்லப் பயந்தான். ஏலி கூப்பிட்டுக் கேட்டபோது, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.