முதல் செலோ தொகுப்பு: வில்லை எடுக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

செலோவில், அதாவது வில்லால் இழுத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற கருவியில், தனியாக ஒரு இசைத் தொகுப்பு வெளியிடப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு நிறைந்துவிடும். கொழும்பில் செலோ வாசிப்பவர்களே குறைவு. சமகால இசையை எடுத்துக்கொள்பவர்கள் அதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட உழைப்பு வீணாகக்கூடாது. நான் பார்த்த அளவில், தொகுப்பைக் கெடுப்பது வாசிப்பு அல்ல, வில்லைக் கையில் எடுப்பதற்கு முன் எடுத்த முடிவுகள்தான்.

உருப்படித் தெரிவையே பாருங்கள். எல்லாம் வாசிக்கத் தெரியும் என்று காட்டுவதற்காகக் கடினமானவற்றையெல்லாம் ஒரே இறுவட்டில் அடைக்கிறார்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் கொடாய் 1915இல் எழுதிய தனிச் செலோ சொனாட்டாவுக்குக் கீழ் இரண்டு தந்திகளையும் அரைச் சுரம் இறக்க வேண்டும். இறக்கிய தந்தி உடனே நிலைக்காது, சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். அதற்கென்று தனி நாள் ஒதுக்காமல் மற்ற உருப்படிகளோடு சேர்த்துப் பதிந்தால் இரண்டு பக்கமும் கெடும். இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ தனிக் கலைஞர்களுக்காக எழுதிய வரிசையில் வரும் 14ஆவது சீக்குவென்சா வேறு மாதிரி. அது 2002இல் இலங்கை வம்சாவளிச் செலோக் கலைஞர் ரொஹான் டி சேரத்துக்காக எழுதப்பட்டது; கண்டி மேளத்தின் தாளம் அதற்குள் இருக்கிறது, செலோவின் உடலையே கையால் தட்டி வாசிக்க வேண்டும். கொழும்பில் இருந்து வரும் தொகுப்பில் அதற்கு ஒரு நியாயமான இடம் உண்டு. தொகுப்பின் ஒவ்வொரு உருப்படிக்கும் இப்படி ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும்.

அனுமதி விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நமது 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, இயற்றியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். கொடாய் இறந்தது 1967இல். நூறு வருடப் பழைய இசைதானே என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். உயிரோடு இருப்பவரின் படைப்பு என்றால் எழுத்தில் அனுமதி வாங்கியபின் பயிற்சியைத் தொடங்குங்கள்.

அப்புறம் அறை. இதில்தான் நானே ஒரு பிள்ளையைப் பிழையாகக் குறை சொல்லியிருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் பதிந்துகொண்டிருந்தோம். காகம், கரையோர ரயில், தெரு ஆட்டோ எல்லாம் அடங்கட்டும் என்று இரவு பதினொரு மணிக்கு மேல்தான் தொடங்கினோம். ஜி தந்தியில் நீளமாக ஒரு சுரம். அது மெல்ல அலைந்தது.

"தங்கச்சி, வில் நடுங்குது."

"இல்ல அண்ணா, நான் நேராத்தான் இழுக்கிறன்."

அவள் சொன்னது சரி. வில் நின்ற பிறகும் ஒரு உறுமல் அறையில் மிச்சம் இருந்தது. பக்கத்து அறைக் குளிர்சாதனப் பெட்டி. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த உறுமல் அதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸில் வரும். ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். இரண்டும் மோதினால் நொடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கும். பெட்டியின் பிளக்கைக் கழற்றியதும் சுரம் கோடு போட்டதுபோல் நின்றது. பதிவுக்கு முன் விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் அறையைக் கேளுங்கள்.

ஏசியைப் போட்டுக் குளிர வைத்துவிட்டு, பதியும்போது மட்டும் அணைப்பதும் கூடாது. நம்மூர்ப் புழுக்கத்தில் மரம் ஊதும், ஏசியில் சுருங்கும், தந்தியை முறுக்கும் முடுக்காணி வழுக்கும். செலோவை முதல் நாளே அந்த அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

ஒலிப்பதிவாளரிடம் முன்கூட்டியே பேசாமல் இருப்பது பெரிய தவறு. பாட்டுக் கச்சேரிகளைப் பதிந்து பழகியவர் மைக்கைக் கிட்ட வைப்பார், வில்லின் உராய்வையும் மூச்சையும் கணினியில் துடைப்பார், மெதுவான இடத்தைத் தூக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வேலை அப்படி. ஆனால் ஜெர்மன் இசையமைப்பாளர் லாகென்மன் தனிச் செலோவுக்கு எழுதிய பிரெசியோன் போன்ற உருப்படியில் அந்த உராய்வுதான் இசையே. அதைத் துடைத்தால் ஒன்றும் மிஞ்சாது. எதைத் துடைக்காமல் விட வேண்டும் என்று இசைக்குறிப்பில் குறித்துக் கொடுங்கள்.

முடிந்த கலவையைக் கைப்பேசியில் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். செலோவின் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. "அடி ஒலி குறைவா இருக்கு, கூட்டுங்கோ" என்று அந்த நேரத்தில் சொல்லிவிடாமல், நல்ல ஹெட்ஃபோனில் முழுவதும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.